அக்காவின் போனில் என் ஆடு

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் பில் போடுகிறேன். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரிலேயே வீடியோ பார்த்து ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். நானே எழுதிய முதல் விளையாட்டில், பஸ்ஸில் அடிபடாமல் ஒரு ஆட்டைச் சாலையின் எதிர்ப்பக்கம் சேர்க்க வேண்டும். பிரவுசரில் அது ஓடியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வந்தவாசியில் இருக்கும் அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

“ஏண்டி, உன் ஆடு நின்னுகினே இருக்குது. பஸ்ஸு வந்து வந்து மோதுது. அதுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அம்புக்குறி பட்டனை அமுக்குக்கா.”

“போன்ல ஏதுடி அம்புக்குறி?”

அப்போதுதான் உறைத்தது. கீபோர்டிலேயே ஆடிப் பார்த்த நான், அக்காவிடம் இருப்பது செல்போன் மட்டும்தான் என்பதை யோசிக்கவே இல்லை. விரலால் தொட்டாலும் ஆடு நகரும்படி மாற்றி எழுத உட்கார்ந்தேன். முதலில் அது தொட்ட பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் ஓடியது. அதைத் திருத்தினால் நின்ற இடத்திலேயே துள்ளியது. மல்லுக்கட்டி ஒருவழியாகச் சரிசெய்து மறுபடி அனுப்பினேன்.

இந்த முறை அக்காவிடமிருந்து பேச்சே இல்லை. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

“எப்படிக்கா இருக்குது?”

“கெடுத்தியேடி! பாதி ரோடு தாண்டிட்டேன். நீ போன் பண்ணதுல ஆடு அடிபட்டுப் போச்சு. வை போனை!”

திட்டு வாங்கிய சந்தோஷத்தில் அடுத்த பில்லைத் தப்பாகப் போட்டேன்.