கமலம்மா தோட்டத்து இலை

ஏகாம்பரம் தன் நிழலையே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பான். நகரிக்குத் தெற்கே அவனுக்கு ஒண்ணரைக் காணி மிளகாய்த் தோட்டம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புருஷனை இழந்த தங்கை கமலம்மாவின் அரைக் காணி. அவள் மகள் இந்திராணிக்கு மாசியில் கல்யாணம். அந்த அரைக் காணி மிளகாயை நம்பித்தான் நாளே குறித்திருந்தார்கள்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எது மெட்ராஸுக்குப் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலம் அளக்கிற எவனைக் கண்டாலும் ஏகாம்பரம் ஓடிப்போய்த் தன் வரப்பில் நின்றுகொள்வான். அந்த ஐப்பசியில் பார்த்தா அவன் செடிகளின் இலையெல்லாம் மஞ்சள் திட்டுப் பூத்துச் சுருள வேண்டும்? திருப்பதியிலிருந்து விவசாய ஆபீஸ்காரர் உமாபதி வந்து இறங்கினார்.

"இது வைரஸ்னு ஒரு கிருமிங்க. கண்ணுக்குத் தெரியாது. இலையை ரேணிகுண்டாவுல ரயிலேத்தி வடக்கே அனுப்புவோம். அங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புன்னு ஒரு மிஷின். அதுல வச்சு, குச்சியா உருண்டையா, நீளம் எவ்ளோ, பருமன் எவ்ளோன்னு அளப்பாங்க."

அளப்பார்கள் என்ற சொல் போதாதா!

"கண்ணுக்கே தெரியாததை அளக்கறாங்களா? இன்னா சாரு, எங்க காதுல பூ சுத்தறீங்க?"

உமாபதி சிரித்துக்கொண்டே அவனுடைய சுருண்ட இலைகளை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்து, அவன் பேரை ஒட்டினார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இலையும் வேண்டுமென்று கமலம்மா தோட்டத்தில் பறித்து, அவள் பேரில் இன்னொரு டப்பா. மறுபடி கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். இப்படிக் கழுவிக் கழுவி எதை மறைக்கிறான் இந்த மனுஷன் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது.

"சீக்கு நெலம்னு என் பேரை எழுதிக்கினு போய், கோட்டுக்கு அந்தாண்ட தள்ளிடுவானுங்க" என்று முனகியபடி, அவர் திரும்புவதற்குள் இரண்டு டப்பாவிலும் இருந்த இலைகளை மாற்றி வைத்தான். பொம்பளை பேரில் கிடக்கிற அரைக் காணியை எவன் சீண்டப் போகிறான் என்பது அந்தப் புத்திசாலியின் நினைப்பு.

மார்கழியில் ஏகாம்பரம் புத்தூர் சந்தைக்குப் போயிருந்த அன்று கமலம்மாவுக்கு உமாபதியிடமிருந்து கடுதாசி வந்தது. தெலுங்கில் இருந்ததைப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். 'ஏகாம்பரம் கொடுத்த இலையில் வைரஸ் இல்லை; அவர் செடி சுருண்டது சத்துக் குறைவால் இருக்கும். உங்கள் இலையில் குச்சி குச்சியாக இருக்கிறது, படமும் எடுத்தாகிவிட்டது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே நோய் உண்டு. செடிகளைப் பிடுங்கி எரித்துவிடவும்.'

சேதி காதில் விழுந்ததும் ஏகாம்பரம் சந்தைச் சாமானை வழியிலேயே போட்டுவிட்டு ஓடினான். அரைக் காணியும் மொட்டையாகக் கிடந்தது. வரப்பில் மிளகாய்ச் செடிகள் காயும் பூவுமாக எரிந்துகொண்டிருந்தன. கமலம்மாவும் இந்திராணியும் புகையில் இருமிக்கொண்டு நின்றார்கள்.

"யாரைக் கேட்டுப் புடுங்கினே?" என்று கத்தினான்.

"உன் தோட்டத்துக்கு ஒட்டிக்கிச்சுன்னா உன் கதி இன்னாண்ணா? அதான் ஆள்கூட வைக்காம நாங்களே புடுங்கிட்டோம். கல்யாணத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஏகாம்பரம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "கமலா, சீக்கு இலை என்னுது. நான்தான் மாத்தி வச்சேன். உன் செடிக்கு ஒண்ணுமில்லே."

அவள் கையிலிருந்த கரியை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னைத் தேத்தறதுக்குப் பழியை நீ ஏத்துக்கறியா? போண்ணா" என்றாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். அவள் நம்பவில்லை.