ஆறிப்போன இரண்டாவது கோப்பை

மகன் சீனப் பெண்ணைக் கட்டப்போகிறான் என்றபோது என் அண்ணி ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. கணவர் போன நாளிலிருந்து, ஆண்டுத் திவசம் முடிந்த பிறகும், எனக்கு எதுவும் வருவதில்லை. லண்டன் ரெய்னர்ஸ் லேன் கடையில் மரக்கறி வாங்குவேன், சமைப்பேன், சாப்பிடுவேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

வெஸ்ட் ஈலிங் கோயிலில் மகன் தாலி கட்டியபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். தாலி இழந்தவள் முன்னுக்கு வரக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, நானாகவே போய் இருந்துவிட்டேன். என் இடத்தில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள்.

அடுத்த நாள் லூயிஷாமில் பெண் வீட்டில் தேநீர்ச் சடங்கு. புதுத் தம்பதி முழந்தாளிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். மாமியார் வாங்கிக் குடித்தால் மருமகளை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். ஏன் தேநீர் என்று காரில் மகன் விளக்கினான்.

"தேயிலைச் செடியைப் பிடுங்கி வேற இடத்தில நட்டா பட்டுப்போகும் எண்டு அந்தக் காலத்துச் சீனர் நம்பினவையாம், அம்மா. கட்டின பந்தமும் அப்பிடி இடம் மாறாம நிக்கவேணும் எண்டுதான் கலியாணத்துக்குத் தேத்தண்ணியாம்."

அப்படியானால் இலங்கை மலைகளில் அது எப்படி முளைத்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் பிடுங்கி நடப்பட்ட எனக்கு அதில் என்ன பேச்சு?

அங்கே இரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். நான் சுவரோரம் ஒதுங்கினேன். பெண்ணின் தாய் கையைப் பிடித்து இழுத்துவந்து என்னை ஒன்றில் இருத்தினார். மற்றதில் என் கணவரின் படம். தாலியில்லாதவள் ஒதுங்கவேண்டும் என்ற கணக்கு அந்த வீட்டில் இல்லை.

மருமகள் சிவப்பு உடுப்போடு முழந்தாளிட்டு இரண்டு கைகளாலும் கோப்பையை நீட்டினாள். மகன் சொல்லிக்கொடுத்த தமிழில், "அம்மா, தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்" என்றேன்.

எல்லாம் பழக்கதோஷம். எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தரம் வேண்டாம் என்றுதான் சொல்வோம். உடனே கை நீட்டினால் காணாததைக் கண்டவர்கள் ஆகிவிடுவோம். ஆனால் 'வேண்டாம்' அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில் ஒன்று. கோப்பையை நீட்டியபடியே அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, வாங்குங்கோ!" என்றான் மகன். அவன் முகம் வெளுத்திருந்தது.

வாங்கினேன். உலர்ந்த இலந்தைப்பழம் போட்ட இனிப்புத் தேநீர். கடைசிச் சொட்டுவரை குடித்துப் பழத்தையும் மென்றேன். "நல்லாயிருக்கு பிள்ளை" என்று அவள் கன்னத்தைத் தொட்டதும் அவள் அழுதுவிட்டாள். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. பிழையைச் சரிசெய்தாயிற்று, அவ்வளவுதான்.

பிறகு படத்தின் முன்னால் ஒரு கோப்பை வைத்து இருவரும் வணங்கினார்கள். மற்றப் பெரியவர்களுக்கும் கொடுத்து முடிந்தபோது அந்தக் கோப்பை அப்படியே இருந்தது.

"அப்பாவின்ர தேத்தண்ணியை நீங்களே குடிக்கலாமாம்" என்றான் மகன், தன் மாமியாரிடம் கேட்டுவிட்டு.

இந்தத் தரம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்து வாயில் வைத்தேன். ஆறிப்போயிருந்தது.

ஆறின தேநீரை அவர் ஒருநாளும் குடித்ததில்லை. "இதென்ன, பச்சைத்தண்ணியே?" என்று திருப்பித் தந்துவிடுவார். நானும் முணுமுணுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கி வருவேன். இனித் திருப்பித் தர ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுச் சம்பந்தி வீட்டில், எல்லோரும் பார்த்திருக்க, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு குழறி அழுதேன்.