நடைவேகத்திலும் நடுங்கிய ஸ்டியரிங்

என் காரின் முன்பக்கம் சில வாரங்களாகக் கடகடத்தது. கொடைக்கானலில் மெக்கானிக் ஒருவர் முன்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன புஷ் என்ற ரப்பர் வளையத்தை மாற்றி, "இனிமே சத்தமே வராது சார்" என்றார். அப்படி உறுதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அரசுப் பணியில் படிந்த குணம்.

மறுநாள் ஒரு திருமணத்துக்காக மனைவியுடன் பழனிக்கு இறங்கும்போது ஸ்டியரிங் நடுங்கியது.

"உங்களுக்கு எதுலதான் சந்தேகமில்ல? வெரசா போங்க, முகூர்த்தம் முடிஞ்சிரும்" என்றாள் மனைவி.

வேகமெடுத்தால் மட்டும் அதிர்ந்தால் வீல் பேலன்ஸைப் பார்க்க வேண்டும். பிரேக் போட்டால் மட்டும் அதிர்ந்தால் டிஸ்க்கை. இதுவோ நடைவேகத்திலும் அதிர்ந்தது. சக்கரம் சுற்றச் சுற்றத் தட்டியது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே ஓரங்கட்டினேன். இடது முன்சக்கரத்தின் நட்டுகள் விரலுக்கே சுழன்றன. மனைவி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு அவளே டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தாள்.

நட்டுகளை முறுக்கிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"ஐயையோ! ஜாக்கில நிக்கிறப்ப நட்ட கையாலதான் மாட்டுனேன் சார். டூரிஸ்ட் வண்டி ஒண்ணு வளைவுல நின்னுபோச்சுன்னு ஓடிட்டேன். திரும்பி வந்தா உங்க வண்டி எறங்கி நிக்குது. பார்ட்னர் முடிச்சிட்டாருன்னு நெனச்சேன்."

பார்ட்னரோ, இவரே முடித்துவிட்டதாக நினைத்து வண்டியை இறக்கியிருக்கிறார். சீசன் நேரத்தில் இங்கே இப்படித்தான்.

இப்போதெல்லாம் சக்கரம் தரையில் இறங்கியதும், என் கண்ணெதிரே ஸ்பேனர் போட்டு முறுக்கச் சொல்கிறேன். சிறிது தூரம் ஓட்டி நானும் சரிபார்க்கிறேன். மெக்கானிக் முறைக்கிறார். மனைவியோ, "நட்டு பாத்தாச்சா?" என்று கேட்காமல் காரில் ஏறுவதில்லை.