பெருவிரல் பருமனில் ஒரு கேபிள்

எங்கள் படகில் பற்றரி முன் அணியத்தில் இருக்கிறது, மெசின் பின்னால் இருக்கிறது. துறைமுகத்தில் படகு கட்டுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் கல்முனையில் உடையும் அலைக்குள்ளால்தான் கரையேற வேண்டும். அப்போது முதலில் நனைவது பின்பக்கம். ஆகவே பற்றரி முன்னால். அதில் மறுபேச்சில்லை.

சிக்கல் இரண்டுக்கும் நடுவே ஓடும் கேபிளில் இருந்தது. போன மாதம் கரைக்கு வரும்போது, அலை உடையும் இடத்தில் மெசின் நின்றது. கூட வந்த மச்சான் சுவிட்சை அழுத்தினார். 'டிக்' என்ற சத்தம் மட்டும். படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பியது. அவர் கயிற்றை இழுத்து மெசினை எழுப்புவதற்குள் இரண்டு அலைகள் உள்ளே விழுந்தன. இன்னொன்று விழுந்திருந்தால் கவிழ்ந்திருப்போம்.

பற்றரி பழுது என்றார்கள். புதியது வைத்தோம். மறுபடியும் 'டிக்'. கேபிளைத் தொட்டேன், சுட்டது. ஊரில் எல்லாரும் பூட்டுகிற கார் கேபிள். காரில் பற்றரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் கொஞ்சத் தூரந்தான். எங்களுக்குப் போக ஐந்து மீற்றர், திரும்ப ஐந்து. திரும்பும் ஐந்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய கேபிள் என்றால் மின்சாரம் வழியிலேயே சூடாகித் தீர்ந்துவிடும்.

கடையில் ஐம்பது சதுர மில்லிமீற்றர் பருமனில் கேபிள் கேட்டேன்.

"தோணிக்கா காக்கா, கப்பலுக்கா?" என்றார் கடைக்காரர். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

"தோணிக்குத்தான்."

"ஊரெல்லாம் கார் கேபிளத்தான் பூட்டுது. ஒங்களுக்கு மட்டும் கடல் வேறயா?"

"ஊரெல்லாம் அலைக்குள்ள நிண்டு கயிறு இழுக்குது. நான் இழுக்கமாட்டன்."

வெல்டிங் கேபிளை எடுத்துப் போட்டார். பருமன் சரி, ஆனால் வெறும் செப்பு. உப்புக் காற்றில் உள்ளுக்குள் பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசியதுதான் வேண்டுமென்று கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்.

மச்சான் அதைத் தூக்கிப் பார்த்தார். "இது வயரா, நங்கூரமா? பற்றரியப் பின்னுக்கு வச்சா சின்ன வயரே காணும் மச்சான்."

"பின்னுக்கு வச்சா பற்றரி தண்ணி குடிக்கும். அத அசைக்க விடமாட்டன்."

பூட்டிய பிறகு கடலுக்குப் போய், அலை உடையும் இடத்துக்கு நன்றாக வெளியே மெசினை நிறுத்தும்படி மச்சானிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இப்ப அழுத்துங்க."

தொட்டதும் பிடித்தது. மறுபடி நிறுத்தச் சொன்னேன். மறுபடியும் பிடித்தது.

"சரி, மெசின் கதைக்குது," என்றார். "ஆனா தோணி மூக்கால குத்துது."

அது உண்மை. பற்றரியோடு கேபிளின் பாரமும் சேர்ந்து முன்பக்கம் அமிழ்ந்திருந்தது. நங்கூரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தேன். கரையில் இன்னமும் என் தோணியைக் காட்டி, கப்பல் வந்துவிட்டதா என்று கேலியாகக் கேட்கிறார்கள். ஓம், வந்துவிட்டது என்கிறேன். கேபிளைக் கழற்றப்போவதில்லை.