கூட யார் வந்திருக்காங்க?

எங்கள் கிளினிக்கில் அளவு சொல்வது டாக்டர், ட்ரிப்ஸ் ஏற்றுவது நர்ஸ், வந்தவரைத் திருப்பி அனுப்புவது நான். கவுண்ட்டரில் உட்கார்ந்து யாரோ போட்ட சட்டத்துக்குத் திட்டு வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும்.

பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் இந்த மனநல கிளினிக்கில் சேர்ந்தேன். பல மாத்திரை மாற்றியும் மனச்சோர்வும் பதற்றமும் விடாதவர்களுக்கு இங்கே கெட்டமைன் ஏற்றுவார்கள். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்துதான், கொஞ்சமாக. வாரம் இரண்டு வீதம் மூன்று வாரம், மொத்தம் ஆறு. வெறும் வயிற்றில் வரணும், நேரத்துக்கு வரணும், கூட ஒரு ஆள் வரணும். ஏற்றிய அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, தனியாகவும் விடக் கூடாது.

வருபவர்களில் பலருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. அது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கவனம் ஓரிடத்தில் நிற்காது, எடுத்த வேலை முடியாது. நாற்பது வயது வரை ஊரே பொறுப்பில்லாதவன் என்று சொல்லும், அதை இவர்களும் நம்பிவிடுவார்கள். கெட்டமைன் அந்த மறதிக்கு மருந்து இல்லை, மனச்சோர்வுக்குத்தான். ஆனால் மறக்கிறவர்களிடம் போய் மூன்று சட்டத்தை ஞாபகம் வைக்கச் சொல்கிறோம். யார் யோசித்த ஏற்பாடோ.

டீயும் வடையும்

துரைசாமி அண்ணனுக்கு வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு. வயது முப்பத்தெட்டு. அவர் ஃபைலில் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. சாகணும் என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்குத்தான் அதை ஒட்டுவோம். ஆறும் முடிகிறவரை கண்ணில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அவர் மனைவி மகேஸ்வரி அக்காவிடம் சொல்லியிருந்தார்.

முதல் தடவை ஒரு மணி நேரம் லேட். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "நேத்து ராத்திரிங்க" என்றார். அக்கா அவர் சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் டீ சொட்டு, பாக்கெட்டில் எண்ணெய்க் காகிதம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீயும் வடையும் ஆகியிருக்கிறது. திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவை ஒரு நாள் முன்னாடியே வந்து நின்றார், மறுபடியும் அனுப்பினேன். மூன்றாவது தடவை அக்கா அவர் மணிக்கட்டில் பேனாவால் 'சாப்பிடாதே' என்று எழுதிக் கூட்டி வந்தார். அன்றைக்குத்தான் ஏறியது. படுக்கப் போகும்போது என்னிடம் சொன்னார்: "அன்னைக்கு நான் பொய் சொல்லலீங்க அம்மிணி. வடை தின்னது வவுத்துக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது."

நாற்பது நிமிஷம்

இரண்டு நிமிஷம் உட்கார மாட்டார் மனுஷர். காத்திருந்த நேரத்தில் என் மேசை மணியைப் பிரித்துப் போட்டுவிட்டார், திரும்ப மாட்டவும் இல்லை. அப்படிப்பட்டவர் ட்ரிப்ஸ் ஏறின நாற்பது நிமிஷமும் அசையாமல் கிடந்தார். கண்ணை மூடியபடியே அழுதார், தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நர்ஸ் ஷைனி சேச்சி பிரஷர் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லா சேட்டா, இவிடெ உண்டு ஞான்" என்று மலையாளத்தில் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுந்ததும் வாந்தி எடுத்தார். கை ரொம்ப தூரத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அதை நான்தான் துடைத்தேன். வாந்தியைச் சொல்கிறேன்.

எப்படி இருந்தது என்று கேட்பது என் வேலை இல்லை, கேட்டேன். சொன்னார்: "கெணத்து மோட்டரை நிறுத்துனாப்ல இருந்துச்சுங்க அம்மிணி. இத்தனை வருசமா அது ஓடிட்டு இருந்ததே நின்னப்பறம்தான் தெரிஞ்சுது."

முதுகு

ஊரில் அவருக்கு முதுகு வலி என்று சொல்லி வைத்திருந்தார்கள். மூன்றாவது ட்ரிப்ஸ் அன்று அதே ஊர்க்காரர் ஒருவர் எதிர் பெஞ்சில் இருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டார்கள். "முதுகுங்க" என்றார் இவர். "எனக்கும் முதுகுதானுங்க" என்றார் அவர். பிறகு இருவரும் தேங்காய் விலை பேசினார்கள்.

அதற்குள் ட்ரிப்ஸ் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஏற்றின இரண்டு நாள் தோப்புக்குப் போவார், பிள்ளைகளோடு பேசுவார். மூன்றாம் நாள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அதனால் ஒன்றைக்கூட விட முடியாது. இவ்வளவு கவலையிலும் மகேஸ்வரி அக்கா கவுண்ட்டரில் குனிந்து என் காதில் சொன்னார்: "எங்கூர்ல பாதிப் பேருக்கு முதுகு போயிருச்சாட்ட இருக்குதுங்க."

நான்காவது

நான்காவது ட்ரிப்ஸுக்கு நேரத்துக்கு வந்தார். வெறும் வயிறு. தனியாக வந்தார். பெரிய பெண்ணுக்குக் காய்ச்சல், அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

கூட ஆள் இல்லாமல் கிடையாது என்றேன். "நீயே கூட வந்த ஆளுன்னு எழுதிக்க அம்மிணி" என்றார். அப்படி எழுத முடியாது, அது சரிதான். இப்போதும் அதைச் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் பின்னால் ஆட்கள் நின்றார்கள், போன் அடித்துக்கொண்டே இருந்தது, எனக்கு எரிச்சல். "ஒரு ஆளைக் கூட்டிட்டு வரத் தெரியாதா? எத்தனை தடவைதான் சொல்றது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பத்தடி தள்ளி டாக்டர் இருந்தார். அவரிடம் சொல்லவில்லை. லிஸ்ட்டில் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அவர் சண்டை போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு சரியாப் பண்ணிட்டனுங்க அம்மிணி. மூணாவதுதான் முடியல."

லிஸ்ட்

நாலு நாள் கழித்து மகேஸ்வரி அக்கா வந்தார், தனியாக. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், கடைசியாக ஏற்றிய மருந்தின் விவரம் வேண்டும் என்றார். துரைசாமி அண்ணன் ஐ.சி.யூ.வில் இருந்தார். இங்கிருந்து போன மறுநாள் காலையில் தோப்புக்குப் போய் உயிரை விடப் பார்த்திருக்கிறார். தேங்காய் பறிக்க வந்தவர்கள் பார்த்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை.

"கூட ஆளில்லாட்டியும் ட்ரிப்ஸ் ஏத்திட்டாங்க, நல்லாருக்கறேன்னு சொன்னாருங்க. ஏத்துனா ரெண்டு நாளைக்குப் பயமில்லைன்னுதான் தனியா உட்டேன்" என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு லிஸ்ட்டைத் திருப்பி, அடித்த பெயரைக் காட்டினேன். "அன்னைக்கு ஏத்தலக்கா. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். டாக்டருக்குக்கூடத் தெரியாது."

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. அடித்த பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏத்துனவங்க ஊட்டுக்கெல்லாம் சாயங்காலம் போன் பண்ணி, பத்திரமா வந்துட்டாங்களான்னு கேக்கறீங்க. ஏத்தாம அனுப்புனவங்க ஊட்டுக்கு ஏனுங்க அம்மிணி யாருமே பண்றதில்ல?"

சட்டப்படி பார்த்தால் அன்றைக்கு நான் ஒரு தப்பும் செய்யவில்லை, இந்த வேலையில் இருக்கிற ஒரே வசதி அதுதான்.