கம்பளிச் சடை

வீட்டில் அவன் தனசேகரன். அடையாள அட்டையில் தெய்ன் நைங் என்று பர்மியப் பெயர். ரங்கூன் தமிழர் பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. பஸ் மாறுவதுபோல் மாறிக்கொள்வார்கள். ஆகவே கியாக்டடா பேட்டையில் உணவகம் வைத்திருந்த அஸ்கர், சனிக்கிழமை மாலைகளில் ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டுப் பாட அவனை 'ஜமைக்கா டேனி' ஆக்கியபோது அவன் மறுக்கவில்லை.

"ரெண்டு பேரு வெச்சிருக்கிற ஆளுக்கு மூணாவது ஒரு பாரமா, சேகர்? உன் நிறத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

ரெகே பாடகர்களுக்கு இருப்பதுபோல் கறுப்புக் கம்பளி நூலில் சடை பின்னித் தொப்பியில் தைத்துக்கொண்டான். தெருவில் இந்தியன் என்ற இளக்காரத்தில் அவனைக் 'கலா' என்று கூப்பிடும் ஆட்களே இங்கே கைதட்டினார்கள். அது யாருக்குத்தான் கசக்கும்?

மூன்றாம் மாதம் மார்சியா வந்தாள். தொண்டு நிறுவனத்தில் வேலை, அசல் ஜமைக்காக்காரி. பாட்டு முடிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா நம்ம ஊர் முகத்தையே பார்க்கல. நீங்க எந்தப் பக்கம்?"

பாட்டு மனப்பாடம்; பேச வாயைத் திறந்தால் அவனுடைய அரைகுறை ஆங்கிலம் காட்டிக்கொடுத்துவிடும். தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டினான், பாவி. அவளே பேசினாள். அவள் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். முரசடிக்கத் தடை போட்டார்களாம். ஆனாலும் தாளம் போகவில்லை, அதுதான் இந்தப் பாட்டுக்குள் இருக்கிறது என்றாள்.

"எங்க தாத்தா சாமிக்காக வளர்த்த சடையைப் போலீஸ் பிடிச்சு அறுத்தாங்க. நீங்க இவ்வளவு தூரத்துல அதை வளர்த்து வெச்சிருக்கீங்க."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவன் தலையாட்டினான். கம்பளியும் கூடவே ஆடியது. அவமானத்தில் அவனுக்கு அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு டப்பாவோடு வந்தாள். தேங்காய்ப்பாலில் சிவப்புப் பயறு போட்ட சோறு, அவள் ஊர்ச் சமையல். பயறுக்காக பபேடான் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினாளாம்.

"வாங்கிக்க, வாயைத் திறக்காதே. பொழப்புல மண்ணைப் போட்டுக்காதே," என்று அஸ்கர் பின்னாலிருந்து தமிழில் முணுமுணுத்தார்.

தனசேகரன் தொப்பியைக் கழற்றினான். தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னான்: "நான் ஜமைக்கா இல்லை. இந்த ஊர்த் தமிழன். இது கம்பளி. மன்னிச்சிடுங்க."

அவள் தொப்பியையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"சாப்பிடுங்க, ஆறிடும். டப்பாவை முதலாளிகிட்ட குடுத்துடுங்க. ஆள் அனுப்பி வாங்கிக்கிறேன்."