நிலா வண்டியும் நார்க்கயிறும்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டேன், சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு இரும்புக் கதவு அடித்தேன், மூன்று பிள்ளைகளையும் பட்டதாரி ஆக்கினேன்.

நேற்று பேத்தியின் பள்ளிக் கண்காட்சி. நிலாவில் ஓட்டுவதற்கென்று மாணவர்கள் செய்த மாதிரி வண்டியின் சக்கரத்தில் ஒருத்தி நனைந்த தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். போன மாதம் சோதனை ஓட்டத்தில் அது மணலில் வழுக்கி நின்றபோது, பேத்தியிடம் கயிறு சுற்றச் சொன்னதே நான்தான்.

அந்த ஈரநார் வாசம் என்னைப் பஃபலோ ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. எனக்கு ஏழு வயது. மழை விட்டிருந்தது. அப்பா காய்கறி ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் சேற்றில் சிக்கி, பின்சக்கரம் வீணாகச் சுற்றியது. அம்மா மூட்டைக் கயிற்றை அவிழ்த்துச் சக்கரத்தில் இறுக்கிச் சுற்றினார். வண்டி ஏறிவிட்டது. சாயங்காலம் தெருவே கேட்க அப்பா, “எப்படி நம்ம மூளை?” என்றார். அம்மா முழங்கைச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் பொறுத்தார். நான் பொறுக்க மாட்டேன். வண்டிக்குப் பக்கத்தில் இருந்த அட்டையில் மாணவர்கள் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் இருந்தன. என் பெயர் இல்லை.

“அங்கிள், இது ஸ்டூடன்ட் புரோஜெக்ட் லா,” என்றார் ஆசிரியர்.

“அப்ப உங்க பேரு எப்படி வந்துச்சு சார்? நீங்க எந்த கிளாஸ்ல படிக்கிறீங்க?”

“தாத்தா, எல்லாரும் பாக்குறாங்க,” என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

“பாக்கட்டும்! கயிறு யோசனை யாருதுன்னு எழுதுங்க. அட்டையில இடம் இல்லன்னா, பள்ளிக்கூடத்துப் பேரைச் சின்னதாக்குங்க.”